ஆற்றுக்குள் நிற்கும் வண்டி: 19-ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியங்களை அருங்காட்சியகத்தில் எப்படிப் பார்ப்பது?

2022 ஜூலை 4 அன்று லண்டன் நேஷனல் கேலரிக்குள் நுழைந்த இரண்டு இளைஞர்கள், அங்கிருந்த பெரிய ஓவியம் ஒன்றின் மேல் அச்சிட்ட தாள்களை ஒட்டினார்கள். பிறகு தங்கள் கைகளைப் பசை போட்டு அதன் சட்டகத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' என்ற காலநிலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒட்டிய தாளிலும் ஓவியத்தில் இருந்த அதே காட்சிதான். ஆனால் ஆறு இருந்த இடத்தில் தார்ச்சாலை, வானத்தில் விமானங்கள், புகை, கருகிய மரங்கள். சட்டகத்தில் சிறு சேதம், ஓவியத்தின் வார்னிஷ் பூச்சில் லேசான பாதிப்பு, இரண்டையும் சரிசெய்துவிட்டோம் என்று கேலரி அறிவித்தது.

தாளுக்கு அடியில் இருந்தது ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் தீட்டிய 'தி ஹே வெய்ன்'. செய்தியோடு வந்த படத்தைப் பார்த்த பலருக்கும் ஒரே குழப்பம். ஒரு ஆறு, ஒரு வீடு, ஒரு வண்டி, ஒரு நாய். இதில் என்ன இருக்கிறது என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இது முதல் முறையும் அல்ல. 1980-லேயே பீட்டர் கென்னார்ட் என்ற பிரிட்டிஷ் கலைஞர் இதே வண்டியில் அணு ஏவுகணைகளை ஏற்றிவைத்து ஒரு ஒட்டுப்படம் செய்தார். பிரிட்டனில் இந்த ஓவியம் காலண்டர், பிஸ்கட் டப்பா, தேநீர்த் தட்டு என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்ட ஒன்று. 'கை படாத பழைய இங்கிலாந்து' என்றால் அந்த ஊர்க்காரர்கள் மனதில் வரும் படம் இதுதான். அதனால்தான் எதிர்ப்பாளர்களின் கை அதன் மேல் போகிறது.

ஆனால் அந்தக் 'கை படாத' தன்மையே 1821-ல் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் யோசித்து யோசித்துச் செய்யப்பட்டது. அந்த நூற்றாண்டின் நிலக்காட்சி ஓவியம் எதுவானாலும் அதை ஜன்னல் என்று நினைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். செய்யப்பட்ட பொருள் என்று நினைத்து, எங்கே ஒட்டு இருக்கிறது, எதை விட்டிருக்கிறார்கள் என்று தேடினால் அரை மணி நேரம் போதாது.

அடிப்படை: நிலம் மட்டும் எப்போது ஓவியமானது?

நிலக்காட்சி ஓவியம் என்பது நிலம், நீர், வானம், மரம் ஆகியவையே முக்கியப் பொருளாக இருக்கும் ஓவியம். இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் நீண்ட காலம் அப்படி இல்லை. 1667-ல் பிரான்ஸின் கலை எழுத்தாளர் ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளை ஏணிப்படி போல் வரிசைப்படுத்தி எழுதினார். பைபிள், புராணம், வரலாறு சொல்லும் ஓவியங்கள் உச்சியில் இருந்தன. மனித உருவப்படம் அதற்குக் கீழே. நிலக்காட்சி அடிப்படிக்கு அருகில். கதை இல்லாத நிலத்துக்கு மரியாதை இல்லை.

இதை நேரில் புரிந்துகொள்ள நேஷனல் கேலரியில் ஒரு நல்ல வசதி உண்டு. ஆங்கில ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1851-ல் இறந்தபோது தன் ஓவியங்களை நாட்டுக்கு எழுதிவைத்தார். அதில் ஒரு நிபந்தனை. தன் ஓவியங்கள் இரண்டை, 17-ஆம் நூற்றாண்டின் க்ளோட் லொரேன் தீட்டிய இரண்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். இன்றும் நான்கும் சேர்ந்தே தொங்குகின்றன. 'இவரோடு என்னை ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று செத்த பிறகும் சவால் விடுகிற மனுஷர்.

அந்த க்ளோட் ஓவியங்களில் ஒன்று 1648-ல் தீட்டியது. பெயர் ஈசாக்கு–ரெபெக்காள் திருமணம். ஆனால் மணமக்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணில் படுவது ஓரத்தில் இருண்ட மரம், நடுவில் நீர், தூரத்தில் பொன்னொளி. கதை ஒரு சாக்கு, நிலம்தான் விஷயம். மரம், நீர், ஒளி என்ற இந்த அடுக்கு அடுத்த 150 ஆண்டுகளுக்கு ஓவியர்களின் வாய்ப்பாடாக இருந்தது. இளம் ஓவியர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் ரோம் பரிசில், பிரெஞ்சு அரசு நிலக்காட்சிக்கு ஒரு பிரிவைத் தொடங்கியதே 1817-ல்தான். அதிலும் 'வரலாற்று நிலக்காட்சி' என்று கதையை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஒரே ஓவியம், நெருக்கத்தில்

இப்போது 'தி ஹே வெய்ன்' முன்னால் வந்து நிற்போம். பெயரிலேயே ஒரு சிக்கல். தமிழில் 'வைக்கோல் வண்டி' என்று எழுதிவிடுகிறோம். வைக்கோல் கதிரடித்த பின் மிஞ்சும் தாள். 'ஹே' என்பதோ கால்நடைத் தீவனத்துக்காக வெட்டி வெயிலில் உலர்த்திய புல். சரி, அந்தப் பெயரும் கான்ஸ்டபிள் வைத்ததல்ல. 1821-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் வைத்த தலைப்பு 'நிலக்காட்சி: நண்பகல்'. நிலமும் பொழுதும் மட்டும். திணை இலக்கணம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது முதற்பொருள் என்று சட்டென்று புரியும். கதாபாத்திரமும் இல்லை, சம்பவமும் இல்லை. ஃபெலிபியனின் ஏணியில் கீழ்ப்படியில் இருந்த ஒன்றைச் சுமார் 130 சென்டிமீட்டர் உயரமும் 185 சென்டிமீட்டர் அகலமுமாக, வரலாற்று ஓவியத்துக்கு உரிய அளவில் தீட்டி மாட்டினார். அந்த அளவே ஒரு வாதம்.

இடம் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டவர் ஆற்றங்கரை, ஃப்ளாட்ஃபோர்டு. இடதுபுறம் தெரிவது வில்லி லாட் என்ற குத்தகை விவசாயியின் வீடு. அது இன்றும் நிற்கிறது. அருகிலிருந்த மாவு ஆலை கான்ஸ்டபிளின் அப்பாவுடையது. அதாவது அவர் தீட்டியது வேறு யாரோ ஒருவருடைய கிராமத்தை அல்ல, தன் வீட்டுத் தொழில் நடந்த இடத்தை.

ஓவியத்தை நெருங்கிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. வண்டி காலி. ஆற்றின் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி நிற்கிறது. வலதுபுறம் தூரத்துப் புல்வெளியில் இன்னொரு வண்டியில் புல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்; இந்த வண்டி அங்கேதான் போகிறது. வெயில் காலத்தில் மரச்சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டை தளர்ந்துவிடும், தண்ணீரில் நிறுத்தினால் மரம் ஊறி மறுபடி இறுகும் என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

2. குதிரைகளின் சேணத்தில் சிவப்பு. ஓவியம் முழுக்கப் பச்சையும் பழுப்பும். அந்தச் சிவப்பை விரலால் மறைத்துக்கொண்டு (தூரத்தில் நின்றுதான்) பாருங்கள், பச்சை மங்கிவிடும். விரலை எடுத்தால் பச்சை திரும்பி வரும்.

3. பச்சை ஒரே பச்சை அல்ல. மஞ்சளோடியது, நீலமோடியது, கருமையானது என்று பல பச்சைகளைக் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா இந்த உத்தியைத் தன் நாட்குறிப்பில் குறித்துவைத்தார்.

4. தண்ணீரிலும் இலைகளிலும் தெறித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அந்தக் காலத்தில் விமர்சகர்கள் இதைக் 'கான்ஸ்டபிளின் பனி' என்று கேலி செய்தார்கள். மூன்றடி தூரத்தில் அது வெறும் வெள்ளைப் பெயின்ட். பத்தடி பின்னால் போனால் ஈரத்தில் பட்ட வெயில்.

5. முன்னால், கரையில் நாய் நிற்கும் இடத்துக்கு அருகே, ஒரு மங்கலான கறை. முதலில் அங்கே ஒரு பீப்பாயைத் தீட்டி, பிறகு பிடிக்காமல் மேலே பெயின்ட் அடித்து மறைத்தார். எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஊடுருவித் தெரியத் தொடங்கும். அதனால் மறைத்தது மெல்ல மேலே வருகிறது. ஓவியர் மனம் மாறிய தடம் இது.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'இயற்கையை அப்படியே தீட்டினார்' என்ற பேச்சு அந்தக் கறையோடு முடிந்துவிடுகிறது. ஓவியம் லண்டன் கெப்பல் தெருவில் உருவானது. வண்டியின் அமைப்பு அவருக்குச் சரியாக நினைவில்லை. ஊரில் இருந்த தம்பிக்குச் சொல்லி, தெரிந்த பையன் ஒருவனிடம் வண்டியை வரைந்து வாங்கினார். சஃபோக் ஆறு, லண்டன் அறை, தபாலில் வந்த வண்டி.

இன்னொரு விடுபடல் கண்ணுக்குத் தெரியாதது. நெப்போலியன் போர் 1815-ல் முடிந்த பிறகு இங்கிலாந்தில் தானிய விலையும் கூலியும் சரிந்தன. 1822-ல் கிழக்கு இங்கிலாந்தில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். இரவு தவறாமல் அக்கம்பக்கத்தில் தீ தெரிகிறது என்று ஊரிலிருந்து தம்பி எழுதியதை, கான்ஸ்டபிள் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கலவரம் ஓவியத்துக்கு அடுத்த ஆண்டு வந்தது. அதனால் 'மறைத்தார்' என்று குற்றம் சாட்ட முடியாது. ஆனால் இடுப்பொடியும் வேலையைச் செய்கிறவர்கள் இந்த ஓவியத்தில் எவ்வளவு சின்னதாக, எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் வரவும் முடியாது. வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரிகிறார்கள்.

லண்டனில் ஓவியம் விற்கவில்லை. 1824-ல் பாரிஸ் வியாபாரி ஒருவர் இதையும் வேறு இரண்டு ஓவியங்களையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கினார். அந்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. உள்ளூரில் கேட்பாரற்றது வெளியூரில் பேர் வாங்கிய பழைய கதைதான்.

வானத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்

அந்தக் கால நிலக்காட்சி ஓவியத்தில் பாதி பரப்பு வானம். பார்வையாளர்களில் பெரும்பாலோர் அதைப் பின்னணி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1802-ல் லூக் ஹவர்டு என்ற லண்டன்காரர் மேகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்தார். இன்றும் பள்ளிப் பாடத்தில் வரும் குமுலஸ், சிர்ரஸ், ஸ்ட்ராடஸ் அவர் கொடுத்தவை. அதுவரை மேகம் என்றால் வடிவமற்ற ஏதோ ஒன்று. பெயர் வந்ததும் அது கவனித்துப் பதிவு செய்யும் பொருளாகிவிட்டது. 1821, 1822 ஆண்டுகளில் கான்ஸ்டபிள் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டும் டஜன் கணக்கில் தீட்டினார். பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் குறித்திருக்கிறார். ஒவ்வொன்றும் சிறியது, வேகமாக முடித்தது. வானிலை ஆய்வாளரின் பதிவேடு போலவே இருக்கும். ஆனால் அவர் நோக்கம் வானிலை அறிவியல் அல்ல. நிலக்காட்சியில் உணர்ச்சியைச் சுமப்பது வானம்தான் என்று அதே 1821-ல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய 'வேமத் விரிகுடா' 1816-ல் தேனிலவுக்குப் போன இடத்தைக் காட்டுகிறது. அதன் வானம் கனத்து இருண்டிருக்கும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசியால் 1816-ல் ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. இந்த மேகம் அந்த எரிமலையின் வேலை என்று சொல்லத் தோன்றும். அப்படி நிரூபிக்க முடியாது. கோடையில்லாத ஆண்டின் வானம் என்பது மட்டும் உறுதி.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வேறு வழியில் போனார். நேஷனல் கேலரியில் அவருடைய 'குளிர்கால நிலக்காட்சி' இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்த அளவுதான். பனியில் கிடக்கும் ஊன்றுகோல்களை முதலில் பார்ப்பீர்கள். அப்புறம்தான் பாறையில் சாய்ந்து சிலுவையை நோக்கியிருக்கும் மனிதன் தெரிவான், அதற்கும் பிறகு மூடுபனிக்குள் ஒரு தேவாலயம். அவரிடம் நிலம் என்பது வேண்டுதல். கான்ஸ்டபிளின் பதிவேட்டுப் புத்தியை இங்கே கொண்டுவராதீர்கள்.

டியூப், ரயில், மணல்

நூற்றாண்டின் பின்பாதியில் ஓவியங்கள் சிறுத்து, வெளிச்சமாகி, தூரிகைத் தடம் தடிக்கிறது. 'ரசனை மாறியது' என்று மட்டும் சொன்னால் பாதிக் காரணம் விட்டுப்போகும்.

1841-க்கு முன் அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். ஆணியால் குத்திப் பிழிந்தால், மறுபடி சரியாக மூட முடியாது, வண்ணம் காய்ந்துவிடும். அந்த ஆண்டு ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிழியக்கூடிய தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பற்பசை டியூபின் மூதாதை. கூடவே வேதியியலும் கைகொடுத்தது. 1802-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தேனார் உருவாக்கிய கோபால்ட் நீலம், 1820-களில் வந்த செயற்கை அல்ட்ராமரின் நீலம், 1859-ல் கினே காப்புரிமை பெற்ற விரிடியன் பச்சை எல்லாம் கடைக்கு வந்தன. அதுவரை நல்ல நீலத்துக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் கல்லை அரைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கடலும் வானமும் மலிவாகின.

மூன்றாவது காரணம் ரயில். 1849-ல் பாரிஸிலிருந்து ஃபோன்டென்ப்ளோ காட்டுக்கு ரயில் போனது. அதன் ஓரத்து பார்பிசோன் கிராமத்தில் ஓவியர்கள் குவிந்தார்கள். 1863-ல் ட்ரூவில் கடற்கரைக்கும் ரயில் வந்தது.

இந்த மூன்றும் சேர்ந்த இடத்தைக் கையளவில் பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மொனே 1870 கோடையில் தீட்டிய 'ட்ரூவில் கடற்கரை' நேஷனல் கேலரியில் இருக்கிறது. 38-க்கு 46 சென்டிமீட்டர், அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம். இரண்டு பெண்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி, சாம்பல் வானம். பெயின்டுக்குள் கடற்கரை மணலே ஒட்டியிருக்கிறது. காற்றில் பறந்து வந்து, ஈரமான வண்ணத்தில் விழுந்து அங்கேயே காய்ந்துபோன மணல். அவர் அங்கே உட்கார்ந்துதான் தீட்டினார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டியூப் வந்ததால்தான் ஓவியர்கள் வெளியே போனார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது மிகை. டியூபுக்கு இருபது ஆண்டுகள் முன்பே கான்ஸ்டபிள் ஹாம்ப்ஸ்டெட்டில் எண்ணெய் வண்ணத்தோடு நின்றிருந்தார். முன்பு வெளியே செய்தது பயிற்சி, அறையில் முடித்ததே ஓவியம். மொனே தலைமுறையில்தான் வெளியே செய்ததையே ஓவியம் என்று சட்டகம் போட்டார்கள். டியூப் அதை எளிதாக்கியது. துணிச்சல் வேறு எங்கிருந்தோ வந்தது.

புகை: ஓவியமா, காற்று மாசா?

டர்னரின் 'மழை, நீராவி, வேகம்' 1844-ல் காட்சிக்கு வந்தது. தேம்ஸ் நதிமேல் மெய்டன்ஹெட் பாலம், அதில் எதிரே பாய்ந்து வரும் ரயில். எதுவும் தெளிவாக இல்லை. இன்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. வண்ணம் மங்கிவிட்டதால் இன்று அதைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும், செல்போன் படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. நேரில் போவதற்கு அந்த முயலே போதுமான காரணம்.

இந்த மங்கல் பற்றி 2023-ல் ஒரு ஆய்வு செய்தியானது. டர்னரின் 60 ஓவியங்களையும் மொனேயின் 38 ஓவியங்களையும் அளந்து, உருவ விளிம்புகள் மங்கியதும் வெண்மை கூடியதும் அக்கால நிலக்கரிப் புகையின் பெருக்கத்தோடு பொருந்துகின்றன என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'இம்ப்ரெஷனிசம் (அந்தக் கணத்தின் ஒளியைப் பிடிக்கும் மொனே தலைமுறையின் பாணி) மாசின் விளைவு' என்று சில தலைப்புகள் ஓடின. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை:

1. புகை லண்டனிலும் பாரிஸிலும் எல்லா ஓவியர்களுக்கும் ஒன்றுதான். எல்லோரும் மங்கலாகத் தீட்டவில்லை.

2. மொனே புகைமூட்டத்தைத் தேடியே லண்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அது அவருக்கு நேர்ந்ததல்ல, அவர் தேர்ந்தெடுத்தது.

3. ஆனாலும் ஆய்வு ஒன்றைத் தெளிவாக்குகிறது: அவர்கள் தீட்டிய மூட்டம் முழுக் கற்பனையல்ல, கண்முன் இருந்த காற்று.

அப்படியானால் 2022-ல் எதிர்ப்பாளர்கள் ஒட்டிய தாளில் இருந்த புகை, அதே கேலரியில் டர்னரின் கான்வாஸில் 1844-லேயே இருந்தது.

போகிறவர்களுக்கு

நேஷனல் கேலரி டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது; நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தொடர் தாக்குதல்களுக்குப் பிறகு 2024 அக்டோபரில் தண்ணீர் பாட்டில் உட்பட திரவங்களைக் கொண்டுபோகத் தடை விதித்தார்கள். ஓவியங்கள் அடிக்கடி அறை மாறும், கடனாகவும் போகும். எது எங்கே என்று இணையதளத்தில் அன்று காலையே பார்த்துவிடுங்கள்.

1. ஐம்பது ஓவியம் வேண்டாம். ஐந்து போதும். க்ளோட், டர்னர், கான்ஸ்டபிள், ஃப்ரீட்ரிக், மொனே என்ற வரிசையில் போனால் மேலே சொன்ன கதை தானாக விரியும்.

2. பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் தொடுவானக் கோடு எங்கே ஓடுகிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஆட்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேரே நின்றால் கண்ணாடியின் பிரதிபலிப்பு தொந்தரவு செய்யும், தூரிகைத் தடமும் மறைந்துவிடும். சரிவாக நின்றால் வண்ணத்தின் தடிமன் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால் லெஸ்டர் சதுக்கத்தில் பிக்காடில்லி ரயில் ஏறி சவுத் கென்சிங்டனில் இறங்குங்கள். அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'தி ஹே வெய்ன்' ஓவியத்துக்காகக் கான்ஸ்டபிள் செய்த முழு அளவு முன்வரைவு இருக்கிறது. இரண்டும் அருங்காட்சியகங்களுக்கு வந்தது ஹென்றி வான் என்ற ஒரே சேகரிப்பாளரிடமிருந்து. அதில் வானம் கொந்தளிக்கிறது, பழுப்பு அடித்தளம் ஆங்காங்கே அப்படியே தெரிகிறது, வீட்டுக்குச் சரியாக விளிம்பில்லை. கரையோரம், முடிந்த ஓவியத்தில் அந்தப் பீப்பாய்க் கறை இருக்கும் இடத்தில், குதிரைமேல் ஒருவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.